எச்எஸ்1 ஹாலோஜன் பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. போடலாமா? (இருசக்கர வண்டி ஹெட்லைட் விவாத இழை)

வெண்ணாறு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூரில் வேலை முடிந்து, இரவு பத்து மணிக்கு மேல் மன்னார்குடிப் பக்கம் இருக்கும் என் ஊருக்கு 150 சிசி வண்டியில் திரும்புகிறவன் நான். வண்டியோடு வந்த 35/35 வாட் எச்எஸ்1 ஹாலோஜன் பல்புதான் இன்றும் அதில் இருக்கிறது. தெருவிளக்கு உள்ள வரைக்கும் குறை எதுவும் தெரிவதில்லை. வயல்வெளிச் சாலைக்குள் வந்துவிட்டால் வெளிச்சம் போதவில்லை என்பது நன்றாகவே தெரிகிறது. அறுவடைக் காலத்தில் சாலையின் பாதி அகலத்துக்கு நெல்லைக் காயவைத்து, வண்டிகள் அதன்மேல் ஏறாமலிருக்கக் கருங்கற்களை ஓரமாக வரிசை வைத்துவிடுகிறார்கள். பின்விளக்கு எரியாத டிராக்டர் டிரெய்லர்கள் வைக்கோலை ஏற்றிக்கொண்டு அதே சாலையில்தான் போகின்றன. எதிரே ஒரு லாரி வந்து கடக்கும் அந்தச் சில நொடிகளில், எனக்கு முன்னால் கல் இருக்கிறதா, மாடு நிற்கிறதா என்பதே தெரியாமல் ஓட்ட வேண்டியிருக்கிறது.

கடையில் கேட்டபோது, பெட்டியில் 120 வாட், 20,000 லூமன் (மொத்த ஒளியின் அளவு), 6500 கெல்வின் (ஒளியின் நிற அளவு, கூடக்கூட நீலம் கலக்கும்) என்று அச்சிட்ட ஒரு எல்.இ.டி. பல்பைக் காட்டினார்கள். பழைய பல்பைக் கழற்றிய இடத்தில் இதை மாட்டினால் போதும், வயரிங்கைத் தொடவே வேண்டாம் என்றும் சொன்னார்கள். வாங்கலாமா, வண்டியின் பேட்டரியும் காயிலும் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் சுருள்) இதைத் தாங்குமா, போலீஸ் சோதனையில் பிரச்சினை வருமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

மின்சுற்று எழுதியது:

வணக்கம் நண்பரே. பெட்டியில் இருக்கும் எண்களை முதலில் சரிபார்த்துவிடலாம். அந்த பல்பு உண்மையாகவே 120 வாட் இழுக்குமானால், 13 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் பாய வேண்டும். உங்கள் வண்டியின் ஹெட்லைட் வயர் மூன்று ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக ஓடுவதற்காகப் போடப்பட்டது. ஒன்பது ஆம்பியர் பாய்ந்தால் ஹோல்டர் உருகும், அல்லது பியூஸ் போகும். அப்படி எதுவும் நடக்காமல் இந்த பல்புகள் எரிகின்றன என்றால், அச்சிட்ட வாட்டை அவை இழுப்பதில்லை என்றுதான் பொருள். ஆம்பியர் மீட்டரை இணைத்துப் பார்த்தால், இந்த அளவு பல்புகளில் பெரும்பாலானவை 15 முதல் 25 வாட்டுக்குள்தான் காட்டும். கட்டைவிரல் பருமனுள்ள ஒரு அலுமினியத் துண்டும் சிறு விசிறியும் வெளியேற்றக்கூடிய வெப்பம் அவ்வளவுதான். ஆகவே பேட்டரியையும் காயிலையும் பற்றிய கவலை உங்களுக்கு வேண்டாம். மின்சாரக் கணக்கில் எல்.இ.டி. வண்டிக்கு நல்லதையே செய்கிறது. 2017 ஏப்ரல் முதல் விற்கப்படும் இருசக்கர வண்டிகளில் இன்ஜின் ஓடும் நேரமெல்லாம் ஹெட்லைட் எரிந்தாக வேண்டும் என்ற விதி இருப்பதால், நெரிசலில் நின்றபடி ஊரும்போது இந்தச் சேமிப்பு பேட்டரிக்கு உதவும்.

அடுத்தது லூமன். எச்எஸ்1 பல்புக்கு 13.2 வோல்ட்டில் வரையறுத்த ஒளி பிரைட்டில் 825 லூமன், டிம்மில் 525 லூமன். பெரிய வண்டிகளில் வரும் 60/55 வாட் எச்4 பல்புக்கு அது 1650, 1000. இருபதாயிரம் லூமன் என்பதை இவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே அது எவ்வளவு நம்பத்தகாத எண் என்பது விளங்கும்.

நீங்கள் எதையும் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. இன்ஜினை ஓடவிட்டு, விளக்கு எரியும்போதே மல்டிமீட்டரால் பேட்டரி முனைகளில் ஒரு முறையும், பல்பு ஹோல்டரின் முனைகளில் ஒரு முறையும் வோல்ட்டேஜை அளந்து இங்கே எழுதுங்கள். ஹாலோஜன் பல்பின் ஒளி, வோல்ட்டேஜ் குறையும் அளவுக்கு மட்டும் குறைவதில்லை. ஏறத்தாழ அதன் 3.4ஆம் அடுக்கில் குறைகிறது. 13.2 வோல்ட் போக வேண்டிய இடத்துக்கு 12 வோல்ட்தான் போகிறதென்றால் கால் பங்குக்கு மேல் வெளிச்சம் போய்விட்டது என்று கணக்கு. பழைய சுவிட்ச், கறுத்துப்போன கனெக்டர், துருப்பிடித்த எர்த் ஆகியவற்றால் இவ்வளவு குறைவது மிகச் சாதாரணம். அதைச் சரிசெய்யாமல் பல்பை மட்டும் மாற்றினால் மூலக்காரணம் அப்படியே கிடக்கும்.

மலைப்பாதை எழுதியது:

மின்சுற்று சொன்ன கணக்கு சரிதான். ஆனாலும் ஒரு பயனாளியின் அனுபவத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு அடிக்கடி இரவில் ஏறுகிறவன் நான். என் 350 சிசி வண்டியின் எச்4 ஹாலோஜனை மாற்றி, நல்ல பெயருள்ள நிறுவனத்தின் எல்.இ.டி. பல்பைப் போட்டு ஓட்டி வருகிறேன். சாலை ஓரத்தின் வெள்ளைக் கோடும், வளைவுகளில் உள்ள தடுப்புக்கல்லும் முன்பைவிடத் தெளிவாகத் தெரிகின்றன. இடுப்பு வலிக்க ஏறும் அந்தப் பாதையில் மஞ்சள் வெளிச்சம் கண்ணைச் சோர்வடையச் செய்கிறது என்பதும், வெள்ளை வெளிச்சத்தில் அந்தச் சோர்வு குறைகிறது என்பதும் நான் உணர்ந்தவை. மலிவான பல்புகளை வைத்து எல்லா எல்.இ.டி.யையும் ஒதுக்கிவிட வேண்டாம் என்பதே என் கருத்து.

வார்ப்புக்கண்ணாடி எழுதியது:

வாகன விளக்குகளைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், பேச்சு இதுவரை தொடாத ஓர் இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பல்பு எவ்வளவு ஒளி தருகிறது என்பது ஒரு கேள்வி. அந்த ஒளி சாலையில் எந்த இடத்தில் போய் விழுகிறது என்பது வேறொரு கேள்வி. ஓட்டுகிறவருக்குப் பார்வை கிடைப்பது இரண்டாவதைப் பொறுத்துத்தான்.

எச்4 பல்பு ஒன்றைக் கையில் எடுத்து, கண்ணாடியைத் தொடாமல், வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். உள்ளே இரண்டு டங்ஸ்டன் இழைகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஐந்தாறு மில்லிமீட்டர் நீளமும் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைந்த பருமனும் கொண்டது. நுனிப்பக்கம் இருப்பது டிம்முக்கான இழை. அதன் அடியில் கரண்டி போல ஒரு சிறு உலோகக் கிண்ணம் இருக்கும். அந்த இழை, பல்பைச் சுற்றியுள்ள வளைந்த பளபளப்பான ரிஃப்ளெக்டரின் குவியப் புள்ளிக்குச் சற்று முன்னால் அமையும்படி பல்பு உட்காருகிறது. இழையின் மேல்பக்க ஒளி ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் பட்டுச் சாலையை நோக்கித் தாழ்ந்து இறங்குகிறது. கீழ்ப்பக்க ஒளி ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் பட்டிருந்தால் மேலெழுந்து எதிரே வருபவரின் கண்ணுக்குத்தான் போயிருக்கும். கிண்ணம் அதைத் தடுத்துவிடுகிறது. கிண்ணத்தின் ஒரு விளிம்பு 15 டிகிரி சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். அதனால் நம் நாட்டு விளக்குகளில் இடது ஓரம் மட்டும் கொஞ்சம் உயர்ந்து ஒளிர்கிறது, சாலையோரம் நடப்பவர் தெரிகிறார். பிரைட்டுக்கான இழை குவியப் புள்ளியிலேயே இருப்பதால் அதன் ஒளி நேராகத் தொலைவுக்குப் போகிறது.

ரிஃப்ளெக்டர் வடிவமைத்தவர் இந்த இழை எங்கே இருக்கும், எந்தத் திசையில் எவ்வளவு ஒளி தரும் என்பதைக் கொண்டுதான் ஒவ்வொரு வளைவையும் கணக்கிட்டிருக்கிறார். எல்.இ.டி. பல்பிலோ ஒரு பலகையின் இரு பக்கத்திலும் தட்டையான சிப்புகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. இழை எல்லாப் பக்கமும் சுற்றி ஒளி தந்தது. சிப் இரண்டு பக்கம்தான் தருகிறது. பலகை தடிமனாக இருந்தால், இரு பக்கச் சிப்புகளும் குவியத்திலிருந்து விலகி, ஒன்று வலமும் மற்றொன்று இடமுமாக நின்றுவிடுகின்றன. சிப்பின் பரப்பு இழையைவிடப் பெரிதாக இருந்தால் ஒளி பரவலாக வழிகிறது. அதன் விளைவு, வண்டிக்கு முன்னால் ஐந்து, பத்து மீட்டர் வரை தரை பளீரென்று வெளுத்துவிடும். அறுபது மீட்டரில் இருக்க வேண்டிய கூர்மையான ஒளிப்பொட்டு மங்கிவிடும்.

மலைப்பாதை நண்பர் உணர்ந்த தெளிவை நான் மறுக்கவில்லை. எனினும், முன்தரை அளவுக்கு மீறி வெளுத்திருந்தால் கண்ணின் பாவை சுருங்கும், தொலைவில் இருக்கும் மங்கலான பொருள் மேலும் மறையும். நன்றாகத் தெரிகிறது என்ற உணர்வு அப்போதும் நமக்கு இருந்துகொண்டே இருக்கும். இரண்டு மடங்கு தொலைவில் அதே அளவு வெளிச்சம் விழ வேண்டுமானால் அந்தத் திசையில் நான்கு மடங்கு ஒளிச்செறிவு தேவை. பல்பின் மொத்த லூமனைக் கூட்டி அதைப் பெற முடியாது, ஒளியைக் குவித்தால்தான் பெற முடியும்.

வாங்கிய பல்பு நல்லதா என்று தெரிந்துகொள்ள ஒரு சுவர் போதும். சமதரையில் சுவரிலிருந்து பத்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, வழக்கமாக ஓட்டுபவர் அதன்மேல் உட்கார, ஹெட்லைட்டின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அந்த உயரத்தில் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். டிம்மில் ஒளியின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்குப் பத்து முதல் பதினைந்து சென்டிமீட்டர் கீழே, தெளிவான ஓரத்தோடு நிற்க வேண்டும். முதலில் ஹாலோஜனோடு பார்த்து அந்த விளிம்பைக் குறித்துக்கொண்டு, பிறகு எல்.இ.டி.யை மாட்டிப் பாருங்கள். விளிம்பு கலைந்து கோட்டுக்கு மேலே திட்டுத்திட்டாக ஒளி தெரிந்தால், அந்த பல்பு உங்கள் டூமுக்கு (ரிஃப்ளெக்டரும் முன்கண்ணாடியும் சேர்ந்த ஹெட்லைட் கூடு) பொருந்தவில்லை. டூமைக் கீழே சாய்த்து அதைச் சரிக்கட்ட முடியாது. சாய்த்தால் உங்களுடைய தொலைவுப் பார்வைதான் குறையும், மேலே சிதறும் ஒளி சிதறிக்கொண்டேதான் இருக்கும்.

தொலைவழி எழுதியது:

நான் சரக்கு லாரி ஓட்டுகிறவன், சேலம், தருமபுரி, ஓசூர்ப் பாதை எனக்குப் பழக்கமானது. தம்பிகள் பேசுவதெல்லாம் ஓட்டுகிறவரின் கண்ணை வைத்து. எதிரே வருகிறவரின் கண்ணையும் கொஞ்சம் எண்ணிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலையில் எதிரே ஒரு பைக் வெள்ளை எல்.இ.டி.யோடு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒளி மேலே சிதறுவதால் அது டிம்மில் வருகிறதா பிரைட்டில் வருகிறதா என்றே எனக்குத் தெரிவதில்லை. நான் டிம் அடித்துக் காட்டினாலும் அவரால் குறைக்க முடியாது, ஏனென்றால் அவர் ஏற்கெனவே டிம்மில்தான் இருக்கிறார். அவர் என்னைக் கடக்கும்போது என் இடப்பக்கத்தில் நடந்துபோகிறவர், சைக்கிளில் போகிறவர், எல்லாரும் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார்கள். கூசிய கண் பழைய நிலைக்கு வரச் சில விநாடிகள் ஆகின்றன. வயது கூடக்கூட அந்த நேரம் நீள்கிறது. மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்குப் பதினாறு மீட்டருக்கு மேல் வண்டி ஓடிவிடும். ஐந்து விநாடி என்றால் எண்பது மீட்டர். அந்த எண்பது மீட்டரை நான் பார்க்காமலேதான் கடக்கிறேன்.

வெண்ணாறு தம்பி, நீங்கள் எதிரே வரும் லாரியைக் குறை சொன்னதில் நியாயம் இருக்கிறது. எங்கள் பக்கத்திலும் டிம் அடிக்காதவர்கள் உண்டு. ஆனால் உங்கள் பல்பு கூசவைத்த லாரிக்காரர், உங்களைக் கடக்கும் அந்த நேரத்தில் உங்களுக்கு ஒரு கை தூரத்தில்தான் இருப்பார். அவர் கண் தெளிவாக இருப்பது உங்களுக்கும் பாதுகாப்பு.

சட்டப்பக்கம் எழுதியது:

போலீஸ் சோதனை பற்றிய கேள்விக்கு இதுவரை விடை வரவில்லை என்பதால் எழுதுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின் நான்காம் உட்பிரிவின்படி, சட்டமும் விதிகளும் அனுமதிக்காத மாற்றத்தைச் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 106ஆம் விதி இதைவிட நேரடியாக நம் பொருளைத் தொடுகிறது. ஹெட்லைட்டின் ஒளி நிரந்தரமாகக் கீழ்நோக்கித் திருப்பப்பட்டிருக்க வேண்டும், எட்டு மீட்டர் தொலைவில் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் ஒருவரை அது கூசச்செய்யக் கூடாது என்பது அதன் சாரம். வார்ப்புக்கண்ணாடி ஐயா சொன்ன சுவர்ச் சோதனையில் தேறாத பல்பு இந்த விதியிலும் தேறுவது கடினம்.

நடைமுறையில் சாலையோரச் சோதனையில் பல்பைக் கழற்றிப் பார்ப்பவர்கள் குறைவு. அதை நம்பிச் செய்வது சரியாகாது. விபத்து நடந்து காப்பீட்டுக் கோரிக்கை ஆய்வுக்கு வரும் நாளில், வண்டியில் செய்த ஒவ்வொரு மாற்றமும் கேள்விக்கு உள்ளாகும்.

வெளிநாட்டில் தாராளமாகப் போடுகிறார்களே என்று சிலர் கேட்பதுண்டு. ஜெர்மனியில் ஹாலோஜன் இடத்தில் மாட்டும் எல்.இ.டி. பல்புக்குச் சாலை அனுமதி முதன்முதலில் 2020இல்தான், ஒஸ்ராம் நிறுவனத்தின் எச்7 பல்புக்குக் கிடைத்தது. அதுவும் எல்லா வண்டிக்கும் பொதுவாகக் கொடுத்த அனுமதி இல்லை. பட்டியலில் உள்ள வண்டி மாடலின் ஹெட்லைட்டோடு அந்த பல்பைச் சேர்த்துச் சோதித்துப் பார்த்து, அந்த இணைக்கு மட்டும் கொடுத்தார்கள். பட்டியலில் இல்லாத வண்டியில் அதே பல்பு அங்கேயும் சட்டவிரோதம்தான்.

மலைப்பாதை எழுதியது:

வார்ப்புக்கண்ணாடி ஐயா சொன்னபடி வீட்டின் பின்சுவரில் சோதித்துப் பார்த்தேன். என் வண்டியில் டிம்மின் மேல்விளிம்பு ஹாலோஜனில் இருந்த அதே இடத்தில், ஏறக்குறைய அதே கூர்மையோடு நிற்கிறது. இடப்பக்க ஏற்றமும் இருக்கிறது. பிரைட்டின் நடுப்பொட்டு மட்டும் ஹாலோஜனைவிடக் கொஞ்சம் அகன்று தெரிகிறது. பல்பைக் கழற்றிப் பார்த்ததில், பலகை இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்டது, டிம் சிப்புகளின் அடியில் சிறிய உலோகத் தடுப்பும் இருக்கிறது. சிப்புகள் சரியாக இடமும் வலமும் பார்க்கும்படி காலரை (பல்பின் அடிவளையத்தை) திருப்பிப் பூட்ட வேண்டும். ஒரு பக்கம் பத்து டிகிரி சாய்ந்தாலும் சுவரில் விளிம்பு கோணலாகிறது. ஆகவே, சரியாக வடிவமைத்த பல்பு, சரியான டூமில் நன்றாகவே வேலை செய்யும் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. சட்டப்பக்கம் சொன்னதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டுதான் ஓட்டுகிறேன்.

வார்ப்புக்கண்ணாடி எழுதியது:

நண்பர் கவனமாகச் சோதித்திருக்கிறார், அந்த முடிவை ஏற்கிறேன். பலகை மெலிதாகவும் சிப்பு சிறிதாகவும் உள்ள பல்புகள் சில டூம்களில் விளிம்பைக் காப்பாற்றுகின்றன என்பது உண்மை. ஆனால் அதே பல்பு அடுத்த மாடல் வண்டியில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு இதில் எந்த உறுதியும் இல்லை. கடையில் இருந்து நேரே மாட்டிக்கொண்டு போகிற யாருக்கும் அதனால்தான் என்னால் சிபாரிசு செய்ய முடியவில்லை.

மாட்டியதும் பார்த்ததோடு நிறுத்திவிடாமல், அரை மணி நேரம் எரிந்த பிறகும் ஒருமுறை பாருங்கள். சூடேறியதும் பல்புக்குள் இருக்கும் டிரைவர் என்ற கட்டுப்பாட்டுச் சுற்று மின்னோட்டத்தைக் குறைக்கும். முதல் நிமிடத்தில் தெரிந்த பிரகாசம் அப்போது இருக்காது.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். பனிமூட்டத்தை மஞ்சள் ஒளி ஊடுருவும் என்று பரவலாக நம்பப்படுகிறது. மூட்டத்தின் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை என்பதால், அவை எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் சிதறடிக்கின்றன. இருந்தாலும் நீலம் கலந்த வெள்ளை கண்ணைக் கூடுதலாக உறுத்துகிறது. சிதறித் திரும்பி வரும் ஒளி அந்த நிறத்தில் இருந்தால் பார்க்கக் கடினமாகிறது. 6500 கெல்வினுக்குப் பதில் 4000, 4500 கெல்வின் அளவில் கிடைத்தால் மலைச்சாலைகளுக்கு அதையே தேர்ந்தெடுப்பேன்.

பட்டறைக்காரன் எழுதியது:

ஐயாமார்கள் ஒளியைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். வண்டியைத் திறந்து வேலை செய்யும் இடத்தில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன்.

ஹெட்லைட் எப்போதும் எரியும் விதி வருவதற்கு முந்தைய வண்டிகள் பலவற்றில், ஹெட்லைட்டுக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து வராது. காயிலிலிருந்து ஏ.சி. ஆகவே நேரே வரும். ஆக்சிலேட்டரைத் திருகினால் வெளிச்சம் கூடி, விட்டால் மங்குகிறதென்றால் உங்கள் வண்டி அந்த வகை. அதில் எல்.இ.டி. பல்பை அப்படியே போட்டால் படபடவென்று துடிக்கும், சீக்கிரமே செத்தும் போகும். காயிலின் எர்த்தைப் பிரித்து, ஃபுல் வேவ் ரெக்டிஃபையர் போட்டு, டி.சி.க்கு மாற்றிய பிறகுதான் அதைப் பற்றி யோசிக்க வேண்டும். வெண்ணாறு நண்பரின் வண்டி எந்த வகை என்பதை முதலில் பார்க்கவும்.

எச்எஸ்1 ஹோல்டரில் எச்4 பல்பின் காதை ராவி உள்ளே திணிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. 90/100 வாட் பல்பையும் இப்படிப் போடுகிறார்கள். ஹோல்டரின் பிளாஸ்டிக் இளகி, பின்கள் கறுத்து, ரிஃப்ளெக்டரின் வெள்ளிப்பூச்சு பல்புக்கு மேலே பழுப்பேறிய வண்டிகள் வேலைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. பூச்சு போன ரிஃப்ளெக்டரில் எந்த பல்பைப் போட்டாலும் வெளிச்சம் வராது.

எல்.இ.டி. பல்பின் விசிறி பின்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் ரப்பர் மூடியை அறுத்துவிட்டு மாட்டுவதும் தவறு. ஒரே மழைக்காலத்தில் டூமுக்குள் ஈரம் இறங்கி, காலையில் கண்ணாடியின் உட்புறம் வேர்த்து நிற்கும்.

முழு எல்.இ.டி. ஹெட்லைட்டாகவே, அதாவது ஒளிமூலத்துக்கென்றே செய்த ரிஃப்ளெக்டரோடும் லென்ஸோடும் சேர்த்து, மாற்றுவது பல்பை மட்டும் மாற்றுவதைவிடச் சிறந்தது. அதே மாடலின் அடுத்த பதிப்பில் நிறுவனமே எல்.இ.டி. டூம் கொடுத்திருந்தால், அது பொருந்துமா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். ஏழு அங்குல வட்ட விளக்கு வாங்குகிறவர்கள் லென்ஸின் மேல் உள்ள குறியைப் பார்த்து வாங்கவும். ஐரோப்பிய முறைக் குறியிடலில், இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கான விளக்கில், எதிரே நின்று பார்ப்பவருக்கு வலப்பக்கம் காட்டும் அம்புக்குறி இருக்கும். அம்பு இல்லையென்றால் அது வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானது. நம் சாலையில் அதன் ஒளியேற்றம் நேரே எதிர்வண்டியின் முகத்துக்குத்தான் போகும்.

வெண்ணாறு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மல்டிமீட்டர் கடன் வாங்கி அளந்தேன். ஆக்சிலேட்டரைத் திருகினாலும் வெளிச்சம் மாறவில்லை, ஆகவே என் வண்டி டி.சி. வகைதான். இன்ஜின் நடுத்தர வேகத்தில் ஓடும்போது பேட்டரியில் 13.9 வோல்ட் காட்டுகிறது, டிம் எரியும்போது ஹோல்டரில் 12.1 வோல்ட்தான் இருக்கிறது. ஹோல்டரின் எர்த் பின்னுக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் நடுவில் மட்டும் 0.7 வோல்ட் வருகிறது. எர்த் வயர் சட்டத்தில் திருகப்பட்ட இடத்தைக் கழற்றிப் பார்த்தபோது, வளையத்தின் அடியில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது.

ஊரில் எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் சொல்லி, பேட்டரியிலிருந்து பியூஸோடு நேரடி வயரும், டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனி ரிலேயும் (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) போட்டு, எர்த்தையும் புதிதாக இழுத்தோம். இப்போது ஹோல்டரில் 13.5 வோல்ட் வருகிறது. நல்ல நிறுவனத்தின் புதிய எச்எஸ்1 பல்பையும் மாட்டினேன். பிறகு பள்ளிக்கூடச் சுவரில் கோடு போட்டுப் பார்த்தால், டூம் முன்பு வெகுவாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அதைச் சரியான உயரத்துக்கு ஏற்றி வைத்தேன். சாலையோரக் கற்கள் இப்போது போதிய தொலைவிலேயே தெரிகின்றன. வெளிச்சம் மஞ்சளாகத்தான் இருக்கிறது, அதில் எனக்குக் குறையில்லை.

இரண்டு கேள்விகள் மிச்சம் இருக்கின்றன. எதிரே யாரும் இல்லாத நீண்ட சாலையில் இன்னும் கொஞ்சம் தொலைவு தெரிந்தால் நல்லது. அதற்குத் துணைவிளக்கு போடலாமா? மேலும், சில நாட்களில் தம்பியைப் பின்னால் ஏற்றி வருகிறேன், அப்போது இந்த அட்ஜஸ்ட்மென்ட் மாறிவிடுமா?

மின்சுற்று எழுதியது:

12.1 வோல்ட்டிலிருந்து 13.5 வோல்ட்டுக்கு வந்ததால், அதே பல்பாக இருந்தாலும் ஒளி நாற்பது விழுக்காட்டுக்கு மேல் கூடியிருக்கும். எர்த்தைத் திறந்து பார்த்தது நல்ல காரியம். அந்த வளையத்தின் மேல் கிரீஸ் கொஞ்சம் தடவி வையுங்கள், மழைநீர் மறுபடி களிம்பு ஏற்றாது. வோல்ட்டேஜ் கூடும்போது பல்பின் ஆயுள் குறையும் என்பதால், மாற்று பல்பு ஒன்றை சீட்டுக்கு அடியில் துணியில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

துணைவிளக்கு வண்டியோடு வராத பொருள் என்பதால், சட்டப்பக்கம் சொன்ன மாற்றம் பற்றிய பிரிவு அதற்கும் பொருந்தும். உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. போடுவதென்றால் அகலமாகப் பரப்பும் விளக்கு வேண்டாம், குறுகலாகக் குவிக்கும் விளக்கு ஒன்றே போதும். அதன் ரிலேயைத் தூண்டும் வயரை பிரைட் வயரிலிருந்து எடுங்கள். அப்போது டிம்முக்கு மாற்றிய அதே நொடியில் துணைவிளக்கும் அணைந்துவிடும், நீங்கள் தனியாக நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. தனி சுவிட்ச் ஒன்றையும் நடுவில் போடுங்கள், ஊருக்குள் பிரைட் அடித்துக் காட்டும்போது அது எரிய வேண்டாம். ஹெட்லைட்டைவிட உயரமாக, குறிப்பாகக் கண்ணாடித் தண்டின் மேல், பொருத்த வேண்டாம்.

வார்ப்புக்கண்ணாடி எழுதியது:

பின்னால் ஆள் உட்கார்ந்தால் அட்ஜஸ்ட்மென்ட் நிச்சயமாக மாறும். பின்பக்க சஸ்பென்ஷன் அமிழ்ந்து முன்பக்கம் நிமிரும். ஒரே ஒரு டிகிரி நிமிர்ந்தாலும், பத்து மீட்டர் தொலைவில் விளிம்பு பதினேழு சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்து, நீங்கள் போட்ட கோட்டைத் தாண்டிவிடும். தம்பியையும் உட்காரவைத்து அதே சுவரில் ஒருமுறை பாருங்கள். பின்பக்க ஷாக் அப்சார்பரில் படிப்படியாகத் திருப்பும் வளையம் இருந்தால், இருவர் போகும் நாளில் அதை ஒன்றிரண்டு படி இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இல்லையென்றால் டூமின் அட்ஜஸ்ட் ஸ்குரூவை எத்தனை சுற்றுத் திருப்பினால் விளிம்பு மறுபடி கோட்டுக்குக் கீழே வருகிறது என்று பார்த்து, அந்த எண்ணிக்கையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் இரண்டு டயரிலும் காற்றுச் சரியான அளவில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பின்டயரில் காற்றுக் குறைந்திருந்தால் சுவரில் பார்க்கும் அளவு தவறாகவே வரும்.